பழைய ஷேவிங் செட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கை கழுவப் போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள். குளியலறை அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய ஷேவிங் செட்டுகள் நிற்கின்றன. எல்லாம் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பழம்பொருள் கடைகளில் பொறுக்கியவை. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் ஒரு கேள்வியோடுதான் வருவார். சிலர் மறுவாரமே ஏதோ ஒரு ரேசரை வாங்கிக்கொண்டு, "அண்ணா, இது என்னன்னு பாருங்க" என்று வந்து நிற்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை.

ஷேவிங் செட்டும் சவரக்கத்தியும் ஒன்றுதானே?

இல்லை. சவரக்கத்தி என்பது மடக்கி வைக்கிற, நாவிதர் தோல்வாரில் தீட்டுகிற நீளக் கத்தி. நான் சேர்ப்பது பிளேடின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி காப்பு வைத்த ரேசர். நியூயார்க்கில் காம்ப்ஃபே சகோதரர்கள் 1880-இலேயே அப்படி ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அதன் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்ததும் தூக்கிப்போடக்கூடிய மெல்லிய பிளேடு கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை. 1903-இல் அவர் கம்பெனி விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மறு ஆண்டு ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டிவிட்டது. 1904 நவம்பர் 15-இல் காப்புரிமையும் வந்தது. அந்தத் தேதியைப் பழைய ரேசர்களின் மேலேயே பொறித்திருப்பார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

எங்கே தேடுவது?

கண்ணாடி அலமாரியும் மஞ்சள் விளக்கும் உள்ள பெரிய பழம்பொருள் கடையில் ரேசர் கிடைக்கும், ஆனால் விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். எனக்கு நல்லவை கிடைத்த இடங்கள் ஹாஸ்பிஸ் தர்மத்துக்காக நடத்தும் பழைய சாமான் கடைகள், சர்ச்சில் நடக்கும் பழைய சாமான் விற்பனைகள், வீட்டைக் காலி செய்கிறவர்கள் நடத்தும் ஏலங்கள், அப்புறம் டர்பனுக்கு உள்ளே மேட்டுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் சாலையோரக் கடைகள். கேப் டவுன் போனால் மில்னர்டன் சந்தையில் ஒரு சனிக்கிழமைக் காலையைச் செலவழிக்கலாம். தரையில் விரித்த துணியில் திருகாணி, கரண்டி, கதவுக் குமிழ் இவற்றோடு ரேசரும் கிடக்கும்.

"பழைய ரேசர் இருக்கிறதா" என்று கேட்டால் பாதிப் பேர் சவரக்கத்தியைக் காட்டுவார்கள், மீதிப் பேர் "இல்லை" என்பார்கள். பல கடைக்காரர்களுக்கு அது ஒரு பொருளாகவே படுவதில்லை. அதனால் நீங்களே தேடுங்கள். தையல் பெட்டி, பித்தான் டப்பா, பட்டைதீட்டாத மணிகள் போட்டு வைத்த பிஸ்கட் டின், கருவித் தட்டு இவற்றின் அடியில்தான் இருக்கும். பெட்டியோடு இருந்தால் நகைப்பெட்டி என்று நினைத்து நகைகளோடு வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. டர்பன் கடற்காற்று முலாத்தை அரித்துவிடும். ஜோகன்னஸ்பர்க், ப்ளூம்ஃபான்டைன் மாதிரி வறண்ட ஊர்களிலிருந்து வந்த ரேசர்கள் என் அனுபவத்தில் பளபளப்பு மாறாமல் இருக்கின்றன. அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் ஒரு நாள் கூடத் தங்குங்கள்.

நம் ஆட்களின் வீட்டு ரேசர்கள் ஏன் கடைக்கு வருவதில்லை?

நான் நினைக்கிற காரணம் இது. 1950-இல், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கேட்டோ மேனரிலிருந்தும் மேகஸின் பேரக்ஸிலிருந்தும் இந்தியர்களான நம்மைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். லாரியில் ஏற்றியது பாத்திரமும் படுக்கையும் சாமி படமும்தான். ரேசர் எங்கேயோ விழுந்திருக்கும். தப்பி வந்தவை இன்னும் யார் வீட்டு அலமாரியிலோ ஒரு டப்பாவுக்குள் இருக்கும். கடைக்குப் போவதற்கு முன் பெரியப்பா வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கவிழ்த்துப் பாருங்கள். மேலே இருக்கும் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவன் நான். பைட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கடையில் "தங்க முலாம், 1920-களின் பொருள்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கைப்பிடியை இறுக்கியதும் தலையின் ஒரு மூலை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறம். துத்தநாகக் கலவையில் வார்த்தது. பழைய துத்தநாக வார்ப்பு காலப்போக்கில் உப்பி, கொப்பளித்து, நொறுங்கும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

நல்ல ரேசர் பித்தளையில் செய்தது, மேலே நிக்கல் அல்லது தங்க முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் நிம்மதி. சாம்பல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் சின்னக் காந்தம் ஒன்றைச் சாவிக்கொத்தில் வைத்திருக்கிறேன். ஒட்டினால் இரும்பு. ஆனால் பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. முலாத்தின் மேல் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் தலையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். பிளேடின் காப்பில் சீப்பு போலப் பற்கள் வெட்டிய ரேசர் என்றால் பற்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் வளைந்திருந்தாலும் கன்னத்தில் தெரியும். மூடியின் நான்கு மூலைகளையும் பாருங்கள். குளியலறைத் தரையில் விழுந்தால் முதலில் நசுங்குவது மூலைதான். கைப்பிடிக் குழாயில் முடி போல ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய ஜில்லெட்டில் இது சகஜம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும்.

கறுப்பாக, பச்சையாக அப்பியிருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஐம்பது வருட சோப்புதான் அது.

என்னிடம் இருப்பது ஜில்லெட். எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பதிலும் நீளம்.

முதலில் எத்தனை துண்டாகக் கழல்கிறது என்று பாருங்கள். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழன்று, அடித்தட்டின் இரு பக்கமும் சீப்புப் பற்கள் இருந்தால் அது 1903-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட பழைய வகையாக இருக்கலாம். அமெரிக்காவில் அதன் விலை 5 டாலர், அந்தக் காலத்தில் பெரிய தொகை. உள்பக்கத்திலோ கைப்பிடியிலோ ஒரு வரிசை எண் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. 1921-இல் காப்புரிமை முடிந்ததும் எல்லோரும் அதைப் போலவே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஜில்லெட்டும் அதே ஆண்டு மேம்படுத்திய ஒன்றை விலை உயர்ந்ததாகவும், பழையதை மலிவாகவும் விற்றது. அதனால்தான் பெயரே இல்லாத சீப்பு ரேசர்கள் கடைகளில் இவ்வளவு கிடக்கின்றன. பெயர் இல்லாததால் மட்டமானது என்று அர்த்தமில்லை, பித்தளையாக இருந்தால் போதும்.

1930-இல் பிளேடும் ரேசரும் மாறின. பிளேடின் மூலைகளை வெட்டிவிட்டார்கள், நடுவில் வட்ட ஓட்டைகளுக்குப் பதில் நீளமான வெட்டு வந்தது. ரேசர் கீழே விழுந்து மூடியின் மூலை நசுங்கினால் பிளேடு கோணி முகத்தை இழுக்கும். அந்தத் தொல்லைக்குத்தான் இந்த வேலை. இதையொட்டி ஆட்டோஸ்ட்ராப் கம்பெனியின் ஹென்றி கெய்ஸ்மனோடு காப்புரிமைத் தகராறு வந்து, கடைசியில் இரண்டு கம்பெனியும் அதே ஆண்டில் இணைந்தன.

சீப்பு இல்லாமல் மழமழவென்ற கம்பி மாதிரி விளிம்பும், அடித்தட்டில் சோப்பு வழிய ஓட்டைகளும் இருந்தால் அது டெக். 1930-களின் கடைசியில் வந்தது. முக்கோண ஓட்டை முந்தியது, நீளவட்ட ஓட்டை பிந்தியது. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ரேசர் கிடையாது என்பது என் கட்சி. மலிவு, உடையாது, முகத்தையும் கிழிக்காது. ஆனால் சேர்க்கிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கிறதா? பட்டர்ஃபிளை என்பார்கள். 1934-இல் அரிஸ்டோகிராட் என்ற பெயரில் இந்த வகை தொடங்கியது. 1947-இல் சூப்பர் ஸ்பீட் வந்தது, அதுதான் எங்கும் பரவியது. இந்த வகையை வாங்கும்போது கடையிலேயே பத்து தடவை திறந்து மூடுங்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் மூட வேண்டும். ஒன்று முந்தினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது.

1951 முதல் செய்த அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. 1951-க்கு டபிள்யூ, 52-க்கு எக்ஸ், 53-க்கு ஒய், 54-க்கு இசட். 1955-இல் மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பம். ஒய் 3 என்றிருந்தால் 1953-இன் மூன்றாவது காலாண்டு. எஃப் 1 என்றால் 1960-இன் முதல் மூன்று மாதம். பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள், சோப்பு படிந்திருந்தால் எழுத்து தெரியாது.

கைப்பிடியின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருந்தால் அதிர்ஷ்டம். கைப்பிடி குண்டாக இருந்தால் 1958 முதல் 1961 வரை செய்த ஃபேட்பாய். ஒல்லியாக இருந்தால் அதற்கு அடுத்து வந்த ஸ்லிம். பிளேடு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதை அந்த வளையம் தீர்மானிக்கிறது. வளையம் இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். உள்ளே சோப்பு இறுகியிருக்கும், வெந்நீரில் ஓர் இரவு ஊறினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

எனக்குக் கிடைப்பதெல்லாம் "மேட் இன் இங்கிலாந்து" என்றுதான் இருக்கிறது. ஏன்?

இது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சந்தையாக இருந்த நாடு, அவ்வளவுதான். ஜில்லெட்டுக்கு இங்கிலாந்தில் சொந்தத் தொழிற்சாலை இருந்தது. லண்டனுக்கு மேற்கே ஐசில்வர்த்தில் மணிக்கூண்டோடு 1937-இல் ஒன்று திறந்தார்கள், கட்டடம் இப்போதும் நிற்கிறது. அமெரிக்க வகைகளுக்கு அங்கே வேறு பெயர். நம் சந்தைகளில் அடிக்கடி பார்க்கும் ராக்கெட் 1950-களின் இங்கிலாந்துச் சரக்கு, பட்டர்ஃபிளை வகை. கீழே பிரிட்டிஷ் காப்புரிமை எண் 694093 பொறித்திருந்தால் அந்தக் குடும்பம்தான். ஆனால் அமெரிக்க வருடக் குறியை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலானவற்றில் இருக்காது.

அதற்குப் பதில் பெட்டியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1961 பிப்ரவரி 14-இல் ஷில்லிங், பென்ஸ் போய் ரேண்ட் நாணயம் வந்தது. பெட்டியில் ஷில்லிங், பென்ஸில் விலை ஒட்டியிருந்தால் அந்தத் தேதிக்கு முந்தியது. உள்ளே மடித்து வைத்த தாளில் ஆங்கிலத்தோடு ஆப்பிரிகான்ஸும் இருந்தால் பெரும்பாலும் 1925-க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டுதான் ஆப்பிரிகான்ஸ் அதிகார மொழியானது. ரேசருக்கு "ஸ்கீர்மெஸ்", பிளேடுக்கு "லெமைக்கி" என்று உச்சரிப்பார்கள். ராணுவத்தில் கொடுத்தவை சிலவற்றில் யூ எழுத்துக்குள் ஓர் அம்பு பொறித்திருக்கும், அது அன்றைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் முத்திரை. அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டன்காரர்களுடையது. இரண்டாம் உலகப் போரில் டர்பன் துறைமுகம் வழியாக அத்தனை படைக்கப்பல்கள் போய் வந்தன, அதனால் இரண்டுமே இங்கே கிடைக்கும்.

இரும்புப் பெட்டி மாதிரி கனமாக, உள்ளே கல்லும் தோலும் இருக்கிறதே, அது என்ன?

ரோல்ஸ் ரேசர். கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியின் ஒரு மூடியில் தீட்டுகல், மறு மூடியில் தோல். கத்தியை உள்ளேயே வைத்து முன்னும் பின்னும் தள்ளினால் கடகடவென்ற சத்தத்தோடு தீட்டிக்கொள்ளும். விடியற்காலையில் இதை ஓட்டினால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், என் மனைவி சாட்சி. வாங்கும்போது கல் உடைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கத்தியே வருடக்கணக்கில் உழைக்கும் என்பதுதான் இதன் பெருமை, ஆனால் தீட்டப் பழக வேண்டும். இதே கம்பெனியின் பெயரில் பின்னாளில் ஜான் ப்ளூம் என்பவர் சலவை இயந்திரம் விற்று, 1964-இல் எல்லாம் கவிழ்ந்தது.

ஜில்லெட் அல்லாத மற்றவை?

ஒற்றை விளிம்பு பிளேடு போடும் எவர்-ரெடி, ஜெம் இரண்டும் அமெரிக்க ரேசர்கள். மூடியைத் தூக்கிப் பிளேடை உள்ளே வைப்பது போல இருக்கும். வாலெட் ஆட்டோஸ்ட்ராப்பில் ரேசரைக் கழற்றாமலே உள்ளே தோல்வாரை விட்டுத் தீட்டலாம், பெரும்பாலும் வார் மக்கிப்போயிருக்கும். ஷிக் இன்ஜெக்டரில் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகுவார்கள். வில்கின்சன் ஸ்வோர்டின் ஏழு கத்திப் பெட்டி ஒன்று பார்த்திருக்கிறேன். கத்தி ஒவ்வொன்றிலும் கிழமையின் பெயர். அதில் செவ்வாய்க்கிழமையைக் காணோம். அதற்காகவே வாங்கினேன்.

பழைய ரேசருக்கு இப்போது பிளேடு கிடைக்குமா?

இரட்டை விளிம்பு ரேசர் எதுவானாலும் கவலையில்லை. 1904-இல் செய்த ஜில்லெட்டிலும் இன்றைய பிளேடு உட்காரும், நடுவிலிருக்கும் நீள வெட்டுக்குள் பழைய முளைகள் அடங்கிவிடும். மூலைக்கடை எதிலும் மினோரா கிடைக்கிறதே, அதுவே போதும். ஜெம், எவர்-ரெடி வகைக்கும் இன்ஜெக்டருக்கும் இணையத்தில் வரவழைக்க வேண்டும். வன்பொருள் கடையில் பெயின்ட் சுரண்ட விற்கும் ஒற்றை விளிம்பு பிளேடைப் போட்டு முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாலெட்டுக்கு ஜப்பானின் ஃபெதர் கம்பெனி ஒரு பிளேடு செய்கிறது.

பெட்டியோடு வந்த பழைய பிளேடுகளைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உறை அழகாக இருக்கும். சவரம் செய்ய வேண்டாம்.

எப்படிச் சுத்தம் செய்வது? புளி போடலாமா?

கூடவே கூடாது. எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கிவிடுவார். அந்த நினைப்பில் தங்க முலாம் போட்ட அரிஸ்டோகிராட் ஒன்றை நானும் அப்படித் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் தங்கம் சாக்கடையில் போய்விட்டது, கையில் இருந்தது வெறும் பித்தளை. விளக்கு முழுக்கப் பித்தளை, தேய்த்தால் அடுத்த பித்தளை வரும். ரேசரின் முலாம் அவ்வளவு மெல்லியது, தேய்த்தால் போயே போய்விடும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் பிராசோவும் அதே கதைதான்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊறப்போடுங்கள். பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். பற்களுக்கு இடையில் பல்குச்சி போதும். பிறகு மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிறிது நேரம் மூழ்க வைத்துக் காய விடுங்கள். பேக்கலைட் கைப்பிடி, செல்லுலாய்டு, வெல்வெட் விரித்த பெட்டி இவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள்.

செத்துப்போன யாரோ ஒருவர் முகத்தில் பட்டதை நீங்கள் எப்படி...?

இந்தக் கேள்வியை முடிக்காமலே விட்டுவிடுவார்கள். முகத்தில் பட்டது பிளேடு, அது எப்போதோ குப்பைக்குப் போயிற்று. உலோகத்தை ஸ்பிரிட்டில் கழுவியாகிவிட்டது. சலூனில் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டுகிறவர்கள் இதைக் கேட்பதுதான் எனக்குச் சிரிப்பு. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், அதுவும் தப்பில்லை.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஆளுக்கும் ஊருக்கும் தகுந்த மாதிரி மாறும், ஒரு எண் சொல்ல முடியாது. பெட்டி, தாள், பிளேடு டப்பா எல்லாம் சேர்ந்திருந்தால் விலை ஏறும். மூடி ஒரு ரேசருடையது, அடித்தட்டு வேறொன்றுடையது என்று கலந்து கட்டியதா என்று பாருங்கள். முலாத்தின் நிறமும் தேய்மானமும் ஒத்துப்போக வேண்டும். புது முலாம் பூசியது என்றால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். சேர்ப்பதற்கு அதை நான் வாங்க மாட்டேன். முகம் மழிக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பேரம் பேசும்போது பளபளப்பைப் புகழாதீர்கள், நசுங்கிய மூலையைக் காட்டுங்கள்.

தாத்தாவின் ரேசர் கிடைத்திருக்கிறது. விற்கலாமா?

என் தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர், மேகஸின் பேரக்ஸில் இருந்தவர். அவர் ரேசர் ஒரு சாதாரண டெக். மூடியின் ஒரு மூலை நசுங்கியது. கடையில் கொடுத்தால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருகிற ஒரு பன்னி சௌ வாங்கும் காசு வரலாம். இப்போது என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுக்கிறான். நசுங்கிய மூலை எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று அவனுக்கு.